துண்டு காய எத்தனை மணி நேரம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புழுக்கத்தைப் பற்றித்தான். ஒன்றில், எழுதிய கையின் வியர்வை பட்டு மூன்று வரி மை கலைந்தே போயிருந்தது. அந்தக் கேள்வி என்ன என்று தெரியாமலேயே பதில் தெரிந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஆகவே இங்கே வெப்பமானி வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

*போன வருடக் கோடையிலும் செய்தியில் 36 டிகிரி என்றார்கள். இந்த வருடம் 34, 35 என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இப்போது கொஞ்சம் தேவலை என்று இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே குளித்த மாதிரி ஆகிவிடுகிறதே, எனக்கு வயசாகிவிட்டதா? – 52 வயது வாசகி*

வயசின் மேல் பழி போடாதீர்கள். இந்த விஷயத்தில் அது நிரபராதி.

எங்கள் வீட்டு நடைவழியில் நிழலாக ஒரு இடத்தில் இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியை ஒரு சின்னத் தண்ணீர் புட்டியில் விட்டிருக்கிறேன். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது குமிழிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் ஈரக்குமிழ் எப்போதும் சில டிகிரி குறைவாகக் காட்டும். அவ்வப்போது ஒரு விசிறியால் இரண்டையும் வீசிவிட்டு, இரண்டு எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்வேன். போன வருடக் குறிப்பு ஒன்றில் உலர்குமிழ் 36, ஈரக்குமிழ் 24 என்று இருக்கிறது. இந்த வாரம் பார்த்தால் 34, 29. வெயில் இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது, ஈரக்குமிழ் ஐந்து டிகிரி ஏறியிருக்கிறது. நம் உடம்பும் ஈரத்துணி சுற்றிய குமிழ்தான் அம்மா. அதற்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை உண்டாக்குகிறது. அதை வெளியே தள்ளியாக வேண்டும். தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சுற்றியுள்ள காற்றும் அதே சூட்டில் இருந்தால், மிஞ்சுகிற வழி வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 'ஆவியானால்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முதுகில் ஓடிச் சட்டையை நனைத்துத் தரையில் சொட்டுகிற வியர்வையால் உடம்புக்குத் தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம், குளிர்ச்சி கிடையாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டத்தான் செய்யும்.

வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நிழலில் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் நல்ல வறண்ட கோடையில் ஒன்றரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். இப்போது காலையில் போட்டது சாயங்காலமும் நசநசவென்றே இருக்கிறது. துண்டு காயாத நாளில் நாமும் காய மாட்டோம்.

*வெப்பம் 36, 'உணரும் வெப்பம்' 48 என்று போனில் காட்டுகிறது. பயமுறுத்துவதற்காகக் கூட்டிச் சொல்கிறார்களா? – கல்லூரி மாணவர்*

கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கோடு. 1979-ல் ராபர்ட் ஸ்டெட்மேன் என்பவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த வெப்பக் குறியீடு இது. காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, உடம்புக்கு எப்படி இருக்கும் என்று சொல்வது. 36 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் குறியீடும் ஏறக்குறைய 36-தான். அதே 36-ல் ஈரப்பதம் 60 சதவீதமானால் 48-க்கு எகிறிவிடும். நானே ஒரு மத்தியானம் பென்சில் வைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

இதுவும் நிழலில் இருப்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

*ராத்திரி ஃபேன் காற்றே அனலாக அடிக்கிறது. நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். ஈரப் போர்வையை ஜன்னலில் கட்டலாம் என்கிறார் மாமியார். நான் யார் பக்கம்? – மூன்றாம் மாடி வாசகி*

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 250 வருடம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய டாக்டர், நண்பர்களோடு சேர்ந்து ஒரு அறையைச் சூடேற்றி அதற்குள்ளே போய் நின்றார். 1775-ல் அதை எழுதி வெளியிட்டார். அறையின் சூடு 120 டிகிரிக்கும் மேல்! தண்ணீர் கொதிப்பதே 100-ல்தான். கூடவே கொண்டுபோன முட்டை அங்கேயே வெந்துவிட்டது, இறைச்சித் துண்டும் வெந்துவிட்டது. மனிதர் மட்டும் சில நிமிடம் நின்றுவிட்டு முழுசாக வெளியே வந்தார். காற்று வறண்டிருந்ததால் வியர்வை உடனுக்குடன் காய்ந்து காப்பாற்றியது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இன்னொரு இறைச்சித் துண்டின் மேல் துருத்தியால் காற்றை ஊதினார்கள். அது 13 நிமிடத்தில் வெந்துபோனது. ஊதாமல் வைத்த துண்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தத் துருத்திதான் உங்கள் ஃபேன். அதற்குக் காற்றைக் குளிர வைக்கத் தெரியாது. ஆளில்லாத அறையில் ஓடவிட்டால், மோட்டார் சூட்டில் அறை துளி கூடுதலாகவே சூடாகும். வியர்வையைக் காய வைப்பதுதான் அதன் வேலை. காற்றின் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உதவாது, சூட்டைத்தான் உடம்பில் ஏற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் சொல்வது ராத்திரி நேரம், புழுக்கம், எப்படியும் 40-க்குக் கீழேதான் இருக்கும். ஃபேன் ஓடட்டும். கணவர் தோற்றார்.

மாமியாரின் யோசனை வறண்ட ஊருக்குப் பிரமாதமானது, இந்தக் கோடைக்கு ஆகாது. காற்றிலே ஏற்கெனவே ஈரம் தாங்க முடியவில்லை, அதில் இன்னும் ஒரு போர்வைத் தண்ணீரைக் கொட்டுவானேன்? ஏர்கூலரும் புழுக்க நாளில் கைவிடுவது இதனால்தான். அவர் மனம் நோகாமல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்: போர்வையை விட்டுவிட்டு உங்களை நனைத்துக்கொள்ளுங்கள். கை, கழுத்து, கால்களைத் தண்ணீரால் துடைத்துக்கொண்டு ஃபேனுக்கு நேரே படுத்தால், உடம்பு செலவழிக்க வேண்டிய வியர்வையைக் குழாய்த் தண்ணீர் ஈடுகட்டும்.

ஜன்னலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பகலில் வெளியே உள்ளதைவிட உள்ளே சூடு குறைவாக இருக்கும் வரை வெயில் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் திரை போடுங்கள். ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். எனக்கு அது பெரும்பாலும் பத்தரை மணிக்கு மேல்தான் வாய்க்கிறது. ஈரக் காற்று ராத்திரியில் சட்டென்று குளிராது, தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை நீராவி பிடித்துவைத்துக்கொள்ளும்.

*ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா? அறை ஜில்லென்று இருந்தும் உடம்பு பிசுபிசுக்கிறதே, ஏன்? – ஒரு வாசகர்*

சாதாரண ஏசியில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்றால் இன்னும் நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான்.

பிசுபிசுப்புக்குக் காரணம், அநேகமாக உங்கள் அறைக்கு ஏசி பெரிது. பெரிய ஏசி சின்ன அறையைச் சடுதியில் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் கிடைப்பதில்லை. 'டிரை' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். ஏசியின் குழாய் சொட்டும் இடத்தில் ஒரு ராத்திரி வாளி வைத்துப் பாருங்களேன். போன வாரம் நான் வைத்த வாளியில் விடிவதற்குள் ஏழு லிட்டருக்கு மேல் சேர்ந்திருந்தது. அத்தனையும் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காற்றில் இருந்தது!

சொல்லப்போனால், ஏசி பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்தில் கோடைப் புழுக்கத்தால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த இயந்திரம்தான் இன்றைய ஏசியின் முன்னோடி. மனிதர்கள் குளிர்ந்தது அப்புறம்தான், முதலில் சுகம் கண்டது காகிதம்.

*அப்பாவுக்கு 81 வயது. 'எனக்கு ஒன்றும் சூடாகவே இல்லை' என்று சொல்லி ஃபேனை அணைத்துவிடுகிறார், தண்ணீரும் குடிப்பதில்லை. வற்புறுத்தலாமா? – ஒரு மகள்*

வற்புறுத்துங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

என் அம்மாவுக்கு அப்போது 79. இப்படிப்பட்ட ஒரு புழுக்க வாரத்தின் நான்காவது நாள். மத்தியானம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வையை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். "அம்மா, தண்ணி தரட்டுமா?" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். நெற்றியைத் தொட்டால் தோசைக்கல். காலையிலிருந்து அவருக்கு வியர்க்கவே இல்லை என்பதை நான் கவனித்துத்தான் இருந்தேன். நல்லதுதான், சூடு தெரியவில்லை போல என்று நிம்மதிகூடப் பட்டேன். இயற்பியல் ஆசிரியை!

வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது மழுங்கிவிடும், வியர்வையும் குறையும். சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் தண்ணீர் இன்னும் குறையலாம். (அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம், மருந்தில் ஏதும் மாற்ற வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.) உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் போனாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு அது வருகிற வரை சும்மா நிற்கக் கூடாது. துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேனை முழு வேகத்தில் வைக்க வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பலிக்காது.

அம்மா பிழைத்தார். அதற்கப்புறம் நான் "சூடா இருக்கா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் சின்ன டம்ளரில் தண்ணீரோடு போய் நின்று, குடித்து முடிக்கிற வரை நகர மாட்டேன். திட்டிக்கொண்டே குடிப்பார்.

*வெயிலில் நின்று கட்டட வேலை பார்க்கிறேன். மூன்று வாரம் லீவில் இருந்துவிட்டு வந்த முதல் நாளே தலை சுற்றிவிட்டது. கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். – ஒரு வாசகர்*

கேலி செய்பவர்களின் உடம்பு பழகிவிட்டது, உங்களுடையது மறந்துவிட்டது. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், அந்த வியர்வையில் உப்பு குறையும். ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தாலே அது பெருமளவு கழன்றுவிடும். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் அதே அளவு கூட்டிக்கொண்டு போவது என்று தொழில் பாதுகாப்பில் ஒரு கணக்கு உண்டு. திரும்பி வருபவருக்குச் சற்றுத் தாராளமாக, முதல் நாள் பாதி வேலை வரை தரலாம். மேஸ்திரியிடம் இதைக் காட்டுங்கள். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, ஒரேயடியாக ஒரு செம்பைக் கவிழ்ப்பதைவிட மேல். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

தலை சுற்றினால் நிழலுக்குப் போய்விடுங்கள். அன்றைக்குத் திரும்ப ஏறாதீர்கள்.

*வேர்க்குருவுக்குப் பவுடர் அப்பிக்கொண்டே இருக்கிறேன், போகவில்லை. – பெயர் வேண்டாம் என்பவர்*

வியர்வை வரும் துளை அடைபட்டுத்தான் வேர்க்குருவே வருகிறது. அதன் மேல் பவுடரையும் வியர்வையையும் குழைத்துப் பூசினால்? குளித்து, ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தித் துணியோடு காற்றாட இருங்கள். சீழ் வைத்தால் டாக்டர்.

மை கலைந்த அந்தக் கடிதத்துக்காரர் மறுபடி எழுதிப் போடவும். பென்சிலில்.