சதுரங்கப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: மகனுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கப் போய், 41 வயதில் நானும் ஆடத் தொடங்கினேன். கொலுசுப் பட்டறை வேலை முடிந்ததும் இரவில் கைப்பேசியில் பத்து நிமிட ஆட்டங்கள் ஏழெட்டு ஆடுகிறேன். ஓராண்டாகியும் முன்னேற்றம் இல்லை. போன வாரம் எதிராளியின் ராணியையே வெட்டியும் ஏழாவது நகர்த்தலில் தோற்றேன். ராணியை வெட்டியதுதான் தவறு என்று நினைக்கிறேன். அந்த ஆட்டத்தை எழுதி இணைத்துள்ளேன். ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசைகளை, மனப்பாடம் செய்தால் பயன் இருக்குமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: மனப்பாடம் இப்போதைக்கு வேண்டாம். இரவுக்கு ஏழு ஆட்டம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆகிறது. அத்தனை ஆட்டங்களில் நீங்கள் திரும்ப எடுத்துப் பார்த்தது அநேகமாக இந்த ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே இதையே பலகையில் வைத்துப் பார்ப்போம்.

எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்ந்தது சிப்பாய். வெள்ளை இ4, நீங்கள் இ5. குதிரை எஃப்3, டி6. பிஷப் சி4, பிஷப் ஜி4. குதிரை சி3, ஜி6. ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளை, ராணியை உங்கள் பிஷப்பின் வாய்க்கு விட்டுவிட்டு, எஃப்3 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டினார். நீங்கள் டி1இல் ராணியை வெட்டினீர்கள். பிஷப் எஃப்7இல் வெட்டிச் செக்; ராஜாவுக்கு இ7 தவிர வேறு கட்டம் இல்லை; குதிரை டி5, மேட்: ராஜா தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஆடிய லேகல் என்பவரின் பெயரால் வழங்கும் மேட் இது. அக்காலத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பிலிதோருக்கே ஆசானாக இருந்தவர் அவர். எனவே இந்த வலையில் விழுந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ராணியை வெட்டியதுதான் தவறு என்ற உங்கள் கணிப்பு பாதி சரி. டி6 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டியிருந்தால், வெள்ளை ராணி ஜி4இல் உங்கள் பிஷப்பை வெட்டும். மொத்தத்தில் ஒரு சிப்பாய் நட்டத்தோடு ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனால் அந்த ஒரு சிப்பாய்தான் ஏன் போக வேண்டும்? கொலுசில் ஒரு கண்ணி விட்டு வந்தால், விட்ட இடத்தை மட்டும் பார்க்காமல் பற்றவைப்பு எங்கே பிடிக்காமல் போனது என்று பார்ப்பீர்கள் அல்லவா? அதுபோல் ஒரு நகர்த்தல் பின்னே போங்கள். நான்காவதாக ஜி6 வைக்காமல் குதிரையைச் சி6இல் வைத்திருந்தால், வெள்ளை இதே தந்திரத்தைச் செய்யும்போது அந்தக் குதிரை இ5இல் வெட்டும். அங்கே நின்றபடியே ஜி4 பிஷப்பையும் காக்கும். ஒரு சிப்பாய்க்காக வெள்ளைக்கு ஒரு குதிரையே நட்டம்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ஜி6 வைத்தபோது உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதே. பிஷப்பை ஜி7க்குக் கொண்டுவரும் எண்ணமாக இருந்திருக்கும். அதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு முந்தைய நொடியில் எதிராளி ஒரு குதிரையைச் சி3இல் வைத்திருந்தார்; அது டி5 கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது; மூன்று நகர்த்தல் கழித்து மேட் விழுந்தது அந்தக் கட்டத்தில்தான். அவர் அதை ஏன் அங்கே வைத்தார் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் தோல்விகளுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். அதில் பாதிக்குமேல் இதே வாக்கியம்தான், சொற்கள் மட்டும் மாறி மாறி இருக்கும். நான்காவது ஐந்தாவது முறை எழுதும்போது எனக்கே சலிப்புத் தட்டியது. அந்தச் சலிப்புதான் என்னைத் திருத்தியது என்று நினைக்கிறேன்.

இரவுக்கு ஏழு ஆட்டத்தை ஒன்றாகக் குறையுங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் வைத்து ஆடுங்கள். தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானைத் தொடாமல், பலகையைப் பரப்பி முதலிலிருந்து நகர்த்திப் பார்த்து, உங்கள் எண்ணம் முதன்முதலில் வழுக்கிய இடத்தை ஒரே வரியில் எழுதுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகள் சேலத்தில் நடந்த ஒரு போட்டியில் மூன்று ஆட்டம் தோற்றாள். ஏற்காட்டுக்குத் திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை பேருந்தில் அழுதுகொண்டே வந்தாள். எங்கே தவறினாய் என்று அவளுடைய அப்பா கேட்கக் கேட்க அழுகை கூடியது. தோற்ற ஆட்டங்களை அவளைப் பார்க்கவைப்பது எப்படி?
– வாசகி, ஏற்காடு

பதில்: பேருந்தில் கேட்டதுதான் பிழை. அன்று சாப்பிட்டுத் தூங்கட்டும். இரண்டு நாள் கழித்து, ஆட்டத்தின் நகர்த்தல்களை அவள் கைப்பட எழுதிய ஸ்கோர்ஷீட்டை எடுத்து, “இதில் உனக்குப் பிடித்த நகர்த்தல் எது, காட்டு கண்ணு” என்று தொடங்குங்கள். தோற்ற ஆட்டத்திலும் பெருமைப்பட ஒரு நகர்த்தல் இருக்கும். அதைக் காட்டி முடித்ததும், எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்பதைப் பெரும்பாலும் குழந்தையே சொல்லிவிடும். அப்பா அப்போது குறுக்கே பேசாமல் இருப்பது நலம். ஸ்கோர்ஷீட்டுகளைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களோடு, அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்றார் என்பதையும், மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம். அவர் 18 வயதில் பட்டம் வென்றதை மட்டும் சொல்லி நிறுத்தினால், தோற்றுவிட்டு வந்த குழந்தைக்கு அது இன்னொரு சுமையாகத்தான் இருக்கும்.

கேள்வி: லிசெஸ் போன்ற இணையச் சதுரங்கத் தளங்களில் கணினியே தவறுகளைச் சிவப்பில் காட்டிவிடுகிறதே. நாமே ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கணினி சரியான நகர்த்தலைக் காட்டும், நீங்கள் ஏன் தவறானதை வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சோவியத் ஆட்டக்காரர் போட்வின்னிக் 1960இல் மிகைல் டாலிடம் உலகப் பட்டத்தை இழந்து, 1961இல் மறுபோட்டியில் அதை மீட்டபோது உதவிக்கு எந்தக் கணினியும் இல்லை. தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அச்சில் வெளியிட்டு, பிறரைக் குறைகாண விடவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறை. கணினியை ஒதுக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள். முதலில் எதிராளியோடு ஐந்து நிமிடம் பேசுங்கள், அடுத்து நீங்களே பார்த்து, தவறு என்று தோன்றும் இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள், அதன்பிறகு கணினியைத் திறங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நீங்கள் நன்றாக ஆடியதாக நினைத்த இடத்தில் கணினி சிவப்பைக் காட்டினால், அந்த ஒரு நகர்த்தலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அன்றைக்கு அது போதும்.