மருந்து எடுத்தும் மனம் எழவில்லையா? செந்தூல் தம்பிக்கு

தம்பி, ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காத, அமைதியாக இருக்க முடியாத கோளாறு) மருந்து தொடங்கியபின் கவனம் தேறிவிட்டது, ஆனால் 2 மாதமாக எதிலும் பிடிப்பில்லை, அம்மா சோம்பல் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது சோம்பல் இல்லை.

ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம். என் தங்கைக்கும் வந்தது. அவளே கேட்டு வாங்கிய நாசி லெமாக் பொட்டலம் சாயங்காலம் வரை பிரிக்காமல் மேசையில் கிடந்தது. அன்றுதான் எனக்கு உறைத்தது. ஏடிஹெச்டியால் வரும் கோபமோ அழுகையோ ஏதாவது நடந்ததும் சட்டென ஏறி, பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 2 வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு அழுத்தினால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. மருந்தே மனதை மந்தமாக்குகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், எப்போதாவது 4 நாளோ அதற்கு மேலோ, 3 மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போனதுண்டா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இருதுருவக் கோளாறு (மனம் சில காலம் மிதமிஞ்சிய வேகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறி மாறிப் போவது) என்றால் பொதுவாக முதலில் மனநிலையைத்தான் நிலைப்படுத்துவார்கள். ஏடிஹெச்டி மருந்தான மெதில்பெனிடேட்டை மட்டும் கொடுத்தால் அது அந்த வேகத்தைக் கிளறிவிடக்கூடும்.

அப்பாயின்மெண்டை முன்னுக்குத் தள்ளித் தரச் சொல்லுங்கள். தூங்கிய நேரத்தைக் காலண்டரில் குறித்துக் கொண்டு போங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் உடனே மலேசிய மனநல உதவி எண்ணான 15555-க்கு அழையுங்கள், இல்லையென்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முடிந்தால் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.