கம்பனி கொடுக்கும் காசு – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,
கொழும்புக் கம்பனி ஒன்றின் சில பங்குகள் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தன. அந்தக் கம்பனி தேர்தலில் யாருக்குக் காசு கொடுக்கிறது என்று அறிய வழி உண்டா? வெளியே சொன்னால் வென்றவர்கள் பழிவாங்குவார்கள் என்கிறார், என்னோடு தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர். எப்படியும் இது கொழும்புப் பெரியவர்களின் விஷயம்தானே?
– ஒரு வாசகர், கோண்டாவில்

தம்பிக்கு,

அப்பாவின் பங்குகளை விற்றுத் தள்ளாமல், அவை என்ன செய்கின்றன என்றும் யோசிக்கிறீர்கள். மனம் நிறைந்தது. ஆனால் அந்தக் கடைசி வரியை எப்படி எழுத மனம் வந்தது?

உங்கள் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. முதலாளி 12 வீதம் போடுகிறார். மத்திய வங்கி நிர்வகிக்கும் அந்த நிதியின் பெரும்பகுதி அரச கடன் பத்திரங்களில் இருந்தாலும், ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகளில் இருக்கிறது. சுன்னாகத்துப் புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பிள்ளையின் காசும் அதற்குள்தான். அவள் ஒருபோதும் வாக்களிக்காத ஒருவரின் சுவரொட்டிக்கு அது போகலாம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஆண்டறிக்கையில் நன்கொடைகளின் மொத்தத் தொகையைத்தான் கேட்கிறது. கண் சிகிச்சை முகாமுக்குக் கொடுத்ததும் கட்சிக்குக் கொடுத்ததும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் வந்த பிறகு, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்களும் கட்சிகளும் வரவு செலவைக் காட்ட வேண்டும். நல்லது. ஆனால் அது வாங்கியவரின் கணக்கு. கொடுத்த கம்பனி தன் பங்குதாரருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் பிடிவாதம். பிரித்தானியாவில் ஆண்டுக்கு 5,000 பவுணுக்கு மேல் அரசியல் நன்கொடை கொடுக்கக் கம்பனிக்குப் பங்குதாரர்களின் தீர்மானமே வேண்டும்.

பழிவாங்கும் கதையை விடுங்கள். யார் தந்தார், யார் தரவில்லை என்று வென்றவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் நாங்கள்தான். இந்தியாவிலும், கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குக் காசு கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரங்களுக்கு இதே சமாதானத்தைச் சொன்னார்கள். 2024 பெப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்துச் செய்தது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது, ‘ஓர் அன்பர் தந்தது’ என்று ஒரு தொகை வந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, “ஆர் அந்த அன்பர்?” என்றார். சமாளிக்கப் பார்த்தார்கள், அவர் உட்காரவில்லை. கடைசியில் பெயர் வந்தது. ஊர் றோட்டு ஒப்பந்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தவர். நூறு பேர்கூட இல்லாத சங்கத்தில் கேட்க முடிந்த கேள்வி அது.

கம்பனியின் பொதுக்கூட்ட அறிவித்தலை இனிப் பிரிக்காமல் போடாதீர்கள். போக முடியாவிட்டால் கம்பனிச் செயலாளருக்கு எழுதுங்கள்: நன்கொடையில் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் போனது எவ்வளவு, யாருக்கு? மறுத்தால் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள். இங்கேயே போடுகிறேன்.