ஒன்பது வயது சொகுசுக் கார் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கூடவே வயிற்றையும் கலக்கியது. இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, வேலை நிலைத்துவிட்டது, ஒன்பது வயதான ஜெர்மன் செடான் ஒன்று 1,40,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் விலைக்கு வந்திருக்கிறது, புதுச் சின்னக் காரை விட மலிவு, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கறுப்பு நல்லதா வெள்ளி நல்லதா, பெட்ரோலா டீசலா, இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நிறம் உங்கள் இஷ்டம். இன்சூரன்ஸை நாலு இடத்தில் விசாரியுங்கள், பத்து நிமிஷ வேலை. தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு டீசல் வேண்டாம். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி சூடேறி எரிந்து சுத்தமாக நீண்ட ஓட்டம் தேவை, அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். மற்றதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் அதே வண்டியை, வந்த இரண்டாம் வருஷம் நான் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கருநீலம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் பெட்டக அறையை மூடினாற்போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று பிற்பாடு புரிந்தது.

முதலில் ஒரு கணக்கு. சொகுசுக் கார் பழசானால் அதன் விலைதான் இறங்கும். அதன் உதிரிபாகத்தின் விலையும், அதைக் கழற்றி மாட்டுகிற கூலியும் இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது பெரிய முதலாளி வாங்கிய வண்டி அது. ஒன்பது வருஷம் கழித்து வாங்குகிறவர் நம்மைப் போன்ற மாசச் சம்பளக்காரர். ஆனால் ஹெட்லைட் உடைந்தால் முதலாளிக்கு என்ன பில்லோ அதே பில்தான் நமக்கும். "பாதி விலைக்கு வருகிறதே" என்று வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வாங்குகிற விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாதென்றால் வாங்காதீர்கள் என்பது என் சொந்தக் கணக்கு. கடன் போட்டு வாங்குவதென்றால் பேச்சே வேண்டாம். கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு வட்டியைக் கூட்டித்தான் போடுவார்கள். வண்டி ஒர்க் ஷாப்பில் படுத்திருக்கும்போதும் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும்.

1,40,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைப் பார்த்து நிம்மதியும் வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றிய 1,40,000, கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடி எஞ்சின் முழுதாகச் சூடே ஏறாத 60,000-ஐ விட மேல். அப்புறம், இரும்புதான் கிலோமீட்டரில் தேயும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வருஷத்தில் தேயும். ஒன்பது வருஷச் சூட்டில் வெந்த கூலண்ட் குழாயை, அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் நீர் ஓடும் குழாயைக் கையால் தொட்டிருக்கிறீர்களா? என் வண்டியில் மெக்கானிக் ஒரு குழாயின் முனையை இரண்டு விரலால் பிடித்தார், இழுக்கக்கூட இல்லை, காய்ந்த பனையோலை மாதிரி நொறுங்கி அவர் கையோடு வந்தது. "இதே வயசுதான் மற்ற எல்லாத்துக்கும்" என்றார். ஐரோப்பிய வண்டிகளில் தெர்மோஸ்டாட் கூடு, கூலண்ட் தொட்டி, குழாய் இணைப்பு என்று பலதும் பிளாஸ்டிக். ஒன்று விட்டுப்போனால் நீர் போகும், சூடு ஏறும். அந்தச் சூட்டில் இன்னும் நாலு கிலோமீட்டர் போய்விடலாம் என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சின்ன குழாய்ச் செலவு எஞ்சின் செலவாக மாறுவது இப்படித்தான்.

வண்டி பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது. போனதும் முதலில் போனட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் முன்பே ஓடவிட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற டைமிங் செயின் நீண்டுபோயிருந்தால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முதல் சில விநாடிகள்தான் கடகடவென்று சத்தம் போடும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் சாதுவாகிவிடும். கிளப்பும்போது நீங்கள் பேசாதீர்கள், அவரையும் பேசவிடாதீர்கள். விற்கிறவர்களுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் பாட்டுப் பெட்டியின் பெருமையைச் சொல்லத் தோன்றும்.

கீழே குனிந்து எஞ்சினின் அடிப்பாகத்தைப் பாருங்கள். வயதான வண்டியில் எண்ணெய் கொஞ்சம் கசிவது சகஜம், எங்கே கசிகிறது என்பதுதான் விஷயம். சில பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் எண்ணெய் வடிகட்டிக் கூட்டின் கேஸ்கட் விட்டுப்போனால் எண்ணெய் நேராக பெல்ட்டின் மேல் சொட்டும். பெல்ட் வழுக்கிக் கழன்று, எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுருட்டிக்கொண்டு போன கதைகள் உண்டு. கேஸ்கட் என்னவோ சின்ன ரப்பர் துண்டுதான்.

கியர்பாக்ஸைப் பற்றி விற்கிறவர் "இதற்கு ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம், கம்பெனியே சொல்லியிருக்கிறது" என்பார். யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள். பல ஜெர்மன் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில், விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

சுருள்வில்லுக்குப் பதில் காற்றுப் பை தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் வண்டியா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முந்தின இரவிலிருந்து நகராமல் நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். காற்றுப் பை கசிகிற வண்டி ஒரு மூலையில், படுத்த எருமை மாதிரி, இறங்கிக் கிடக்கும். கிளப்பியதும் கம்ப்ரசர் முனகிக்கொண்டே தூக்கிவிடும், ஓட்டிப் பார்த்தால் மெத்தைதான். அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடிக் கடைசியில் கம்ப்ரசரும் கருகும். ஒன்றுக்கு இரண்டு செலவு.

சன்ரூஃப் இருந்தால் காலடிக் கம்பளத்தைத் தூக்கி அடியில் கையை விட்டுப் பாருங்கள். சன்ரூஃபின் நாலு மூலையிலும் மழைநீர் இறங்கச் சின்னக் குழாய்கள் உண்டு. இலைதழை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். இந்த வகை வண்டிகளில் சில மின்னணுப் பெட்டிகள் கம்பளத்துக்கு அடியிலேயே இருக்கும். ஈரக் கம்பளம், ஊதுவத்தி மாதிரித் தூக்கலான வாசனைத் திரவியம், இரண்டும் சேர்ந்து இருந்தால் கையைக் கூப்பிவிட்டு வந்துவிடுங்கள்.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்குகிற வரிசையில் கடைசி நாலு இலக்கம் 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. நாலு டயரும் நாலு ஜாதியாக, இருப்பதிலேயே மலிவானதாக இருந்தால், வெளியே தெரிகிற டயருக்கே கணக்குப் பார்த்தவர் உள்ளே எஞ்சினுக்கு என்ன எண்ணெய் ஊற்றியிருப்பார் என்று யோசியுங்கள். ஓடோமீட்டரை நம்புவதை விட பிரேக் பெடல் ரப்பரையும், ஸ்டியரிங்கின் பளபளப்பையும், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரத்தையும் நம்பலாம். 70,000 என்று காட்டுகிற வண்டியில் பெடல் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, பெடலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுக் குறிகளைப் படிக்கிற ஒரு ஸ்கேனர் வாங்குங்கள், விலை அதிகமில்லை. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், நேற்று ராத்திரி யாராவது கோளாறுக் குறிகளை அழித்திருக்கலாம். அழித்தால் வண்டியின் கணினி செய்ய வேண்டிய சுயபரிசோதனைகள் "முடியவில்லை" என்று ஸ்கேனரில் தெரியும். சில நாள் ஓடினால்தான் அவை முடியும். முடியாத பரிசோதனைகள் வரிசையாக நின்றால், சிரித்துக்கொண்டே காரணம் கேளுங்கள். இதெல்லாம் நானே கற்றுக்கொண்டது. வரும்போது எனக்கு வண்டியில் பெட்ரோல் ஊற்றுகிற மூடி எந்தப் பக்கம் என்று தெரியாது. இன்றைக்கு என் வண்டிக்கு எண்ணெய், பிரேக் பட்டை, பேட்டரி எல்லாம் வாசலில் நானே மாற்றுகிறேன். பேட்டரியை மாற்றிவிட்டால் அதை வண்டியின் கணினிக்கும் தெரிவிக்க வேண்டிய கார்கள் உண்டு தெரியுமா? அதையும் செய்வேன். இங்கே முப்பது வருஷமாக இருக்கும் சிலருக்கு இன்னும் எண்ணெய்க் குச்சி எங்கே என்று தெரியாது, அது வேறு கதை.

கடைசியாக, உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். இந்த வண்டி உங்களுக்கு எதற்கு? எனக்கு எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். வார இறுதியில் நம்மவர்கள் ஒரு வீட்டில் கூடினால், ஆண்கள் எல்லோரும் வாசலில் நின்று வண்டிகளை எண்ணுவார்கள். யாருடையது புதுசு, யாருடையது பெரிசு. நான் அப்போது பேருந்தில் போய் இறங்குகிறவன். "தம்பியை யாராவது கொண்டுபோய் விடுங்கப்பா" என்று ஒருவர் உரக்கச் சொல்வார். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். எனக்கு விற்றவரும் அதே வாசலில் நின்றவர்தான். "நம்ம பையனாச்சே, வெளியாளுக்குக் கொடுப்பேனா" என்றார். நம்ம பையன் என்பதால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டேன். நீங்கள் கூச்சப்படாதீர்கள். சொந்த அண்ணனே விற்றாலும், அவருக்குத் தெரியாத, அந்த வகை வண்டியைத் தினமும் பிரிக்கிற மெக்கானிக்கிடம் தூக்கி நிறுத்திக் காட்டுங்கள். அதற்கு ஆகிற காசு ஒருநாள் கூலிக்குள் முடியும். காட்டச் சம்மதிக்காதவரிடம் பேரமே வேண்டாம்.

வண்டி வாங்கிய ஏழாவது வாரம் மாமனார் முதல்முறையாக வந்தார். மருமகன் என்ன காரில் அழைத்துப்போகிறான் என்று அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே முந்தின நாள் மெழுகு பூசித் துடைத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில், வண்டிக்குள் லேசாக ஒரு தித்திப்பு வாசனை. மாமனார்கூட "வாசனையா இருக்கே" என்றார். அது கூலண்ட் ஆவி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும், அந்த வாசனை வந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தபோது வெள்ளையாக ஆவி கிளம்பிவிட்டது. இரண்டு பெட்டியோடும் ஒரு கைப்பையோடும் சாலை ஓரத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். குளிர் வேறு. என் மேல்கோட்டை அவருக்குப் போர்த்திவிட்டேன், அவர் ஒன்றும் பேசவில்லை. இழுவை வண்டி வந்து காரை முதுகில் ஏற்றிக்கொண்டது. நாங்கள் இருவரும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் மாமனார் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டுச் சொன்னார், "இது நல்ல உசரமா இருக்கு மாப்பிள்ளை, ரோடு நல்லாத் தெரியுது."

ஜெர்மன் வண்டி எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. முழு சர்வீஸ் ரெக்கார்டோடு, ஒரே கை மாறிய வண்டியை வாங்கி ஆறு வருஷம் ராஜாவாக ஓட்டிய நண்பர் இருக்கிறார், அவர் கையில் சேமிப்பும் இருந்தது. சொகுசுதான் வேண்டும், தலைவலி வேண்டாம் என்றால் லெக்சஸ் ஈஎஸ் மாதிரி ஒன்றைப் பாருங்கள். டொயோட்டாவின் குடும்பத்து உடம்பு, பாகங்கள் பலவும் அங்கேயே கிடைக்கும். நம்மவர்கள் "அது கிழவர்கள் ஓட்டுவது" என்பார்கள். சொல்லட்டும்.

இந்த வாரம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணையும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகிற வீடியோவையும் வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

என் கருநீல வண்டி பதினோரு மாசம் இருந்தது. அதில் நாலு மாசம் ஒர்க் ஷாப்பில். கடைசியில் உதிரிபாகத்துக்கு எடுப்பவரிடம், வாங்கியதில் ஆறில் ஒரு பங்குக்குத் தள்ளிவிட்டேன். வாங்கிய அன்றைக்கு அதன் மேல் சாய்ந்து நின்று எடுத்த படம் மட்டும் மாமனார் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. போன தடவை போனபோது கழற்றிவிடலாம் என்றேன். "இருக்கட்டும், அதுல நீங்க நல்லா இருக்கீங்க" என்றார்.