இருள்காலச் சோர்வு – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் நோர்வேயின் ட்ரொம்சோவில் இருக்கிறேன். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். அந்த நாட்களில் எவ்வளவு தூங்கினாலும் எழும்ப முடிவதில்லை. சோறும் இனிப்புமாகத் தின்கிறேன், ஒருவரோடும் கதைக்கப் பிடிப்பதில்லை. சோம்பல் என்கிறார் கணவர். வெளிச்ச விளக்கு வாங்கச் சொல்கிறாள் வேலையிடத்துத் தோழி. வேலை முடிந்து பின்னேரம் அதன் முன்னால் இருந்தால் சரியாகுமா? அல்லது காசு பிடுங்கும் வேலையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இது சோம்பல் இல்லை. இந்தப் பதிலை உங்கள் கணவரும் வாசிக்கட்டும். 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவினரும் பருவகால மனச்சோர்வு என்று விவரித்த நோயின் அறிகுறிகள்தாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. ரோசன்தாலே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்கா போய், அங்கத்திய குளிர்காலத்தில் துவண்டவர்.

விளக்கு ஏமாற்று வேலையும் இல்லை. 2006இல் வெளியான கனடிய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஒளியும் மற்றவர்களுக்கு ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் மூன்றில் இருவருக்குக் குணம் தெரிந்தது.

ஆனால் பின்னேரம் வேண்டாம். நம் விழித்திரையில் உள்ள சில செல்கள் வெளிச்சத்தின் அளவை மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், இரவை நெருங்கிய வெளிச்சம் பின்னே தள்ளித் தூக்கத்தைக் கெடுக்கும். வெயில் உள்ள ஊர்க்காரருக்கு, காலையில் முற்றத்தில் நடங்கள் என்று சொல்லிவிடுவேன். உங்களுக்கு அந்த வழி இல்லையே!

எழும்பியதும் அரை மணி நேரம், 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வீட்டு விளக்குகள் தருவது சில நூறு லக்ஸ்தான். புற ஊதாக் கதிரை வடிகட்டும் விளக்காக வாங்குங்கள். எத்தனை சென்டிமீட்டரில் 10,000 கிடைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். மேசையில் அந்தத் தூரத்தில் வைத்து, தேத்தண்ணீர் குடித்தபடி எதையாவது வாசியுங்கள். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும். ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், சோர்வு திரும்பிவிடும். வசந்தம் வரை தொடருங்கள்.

வாங்குமுன் உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். விழித்திரை நோய் இருந்தாலோ, மனம் சில காலம் அளவுமீறித் துள்ளிப் பிறகு சரியும் இருமுனைக் கோளாறு இருந்தாலோ, அவர் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது. உயிர் வாழவே வேண்டாம் என்று தோன்றினால் விளக்கு வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த வருடம் இருட்டும் வரை பொறுக்காமல், செப்டம்பர் கடைசியிலேயே விளக்கை மேசைக்கு எடுத்துவிடுங்கள்.