‘லேபெரெஹ்ட்’ என்ற ஜெர்மன் பெயருக்கு என்ன பொருள்? இப்போதும் குழந்தைகளுக்கு வைக்கிறார்களா?

‘நேர்மையாக வாழ்’ என்று பொருள். ‘லேபெ’ என்பது ‘வாழ்’ என்ற ஏவல். ‘ரெஹ்ட்’ என்றால் சரியாக, முறையாக. பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லும் ஒரு முழு வாக்கியமே ஆண்பெயராகிவிட்டது. தமிழில் லெபெரெக்ட் என்றும் எழுதலாம்.

ஜெர்மன் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய இருந்தன. ட்ராவ்கொட் என்றால் ‘கடவுளை நம்பு’. ஃபியூர்ஷ்டெகொட் என்றால் ‘கடவுளுக்கு அஞ்சு’. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் நாட்டையே சீரழித்துவிட்டுப் போனது. அதன்பின், வெறும் கோட்பாட்டுச் சண்டை போதாது, அன்றாட நடத்தையில் பக்தி தெரிய வேண்டும் என்று ஸ்பேனர், ஃபிராங்கெ என்ற இரு ஜெர்மன் இறையியலாளர்கள் வலியுறுத்தினார்கள். பயட்டிசம் என்ற அந்த இயக்கம்தான் இந்தப் பெயர்களைப் பரவலாக்கியது. ஃபிராங்கெ பணியாற்றிய ஊர் ஹாலே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் படித்ததும் அங்கேதான்.

ஆனால் இந்தப் பெயரை அந்த இயக்கமே உருவாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் அன்ஹால்ட் அரச குடும்பத்தில் 1622இலேயே ஓர் இளவரசருக்கு லேப்ரெஹ்ட் என்று, இதே பெயரின் இன்னொரு வடிவத்தை வைத்திருக்கிறார்கள்.

பெயரை உலகம் அறியச் செய்தவர் கெப்ஹார்ட் லேபெரெஹ்ட் ஃபான் புளூஹர். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்தப் பிரஷ்யப் படையோடு வந்து சேர்ந்த தளபதி அவர். எழுத்தாளர் கார்ல் லேபெரெஹ்ட் இம்மர்மனுக்கும் அவரைப் போலவே இது இரண்டாம் பெயர்தான். எனக்கு மிகவும் பிடித்தவர் 1881இல் டான்சிக்கில் பிறந்த லேபெரெஹ்ட் மிக்கெ. தோட்டக்கலை வடிவமைப்பாளர். சாதாரணத் தொழிலாளி தன் வீட்டுத் தோட்டத்திலேயே தனக்கு வேண்டிய காய்கறியை விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று பேசியவர், அதற்காகவே குடியிருப்புகளில் தோட்டங்களை அமைத்தவர். பெயருக்கேற்ற வாழ்க்கை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கூட்டத்துப் பெயர்கள் பலவற்றில் கடவுள் வெளிப்படையாக இருக்கிறார். இதில் நடத்தை மட்டும்தான். அதனாலேயே எனக்கு இது கூடுதல் அழகாகப் படுகிறது.

சரி, இப்போது? மிக அரிது. எமில், அன்டோன், ஓஸ்கர் போன்ற பழைய பெயர்கள் ஜெர்மனியில் திரும்பவும் நாகரிகமாகிவிட்டன. லேபெரெஹ்ட் அப்படித் திரும்பவில்லை. குழந்தையின் தலையில் ஒரு கட்டளையை ஏற்றிவைக்க இன்றைய பெற்றோர் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். கூப்பிடச் சுருக்கமாகவும் இல்லை.

பழைய ஜெர்மன் குடும்ப வரலாற்றில் யாரையாவது தேடித்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றால், லேபெரெஹ்ட், லேப்ரெஹ்ட் என்ற இரண்டு வடிவங்களிலும் தேடுங்கள். முதல் பெயரோடு நிறுத்திவிடாமல் இரண்டாவது, மூன்றாவது பெயர்களையும் பாருங்கள்.