டிசைன், விலை, கணக்கு: எங்கே கசிகிறது? சேலம் தொழில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: அண்ணா, புது மாடல் படத்தை வெளியூர் பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறோம். கொஞ்ச நாளில் அதே மாடல் வேறு கடையில் தொங்குகிறது. நடுவில் யாராவது எடுக்கிறார்களா?

நடுவில் எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புகிற போனிலேயே பூட்டப்பட்டு, வாங்குகிற போனில்தான் திறக்கின்றன. அந்தக் கம்பெனியே நினைத்தாலும் வழியில் படிக்க முடியாது.

கசிவது இரண்டு முனையிலும்தான். பார்ட்டியின் கேலரியில் படம் சேர்ந்துவிட்டால், அங்கிருந்து புரோக்கர் குரூப்புக்கு ஒரே தட்டு. உங்கள் பக்கம், பட்டறைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். செட்டிங்ஸில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுடையது இல்லாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். அப்புறம் பேக்கப். கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்கு இதே பூட்டைப் போடும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. ஆனால் நீங்கள்தான் அதை ஆன் செய்ய வேண்டும்.

கேட் (CAD) ஃபைலை, அதாவது கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன் ஃபைலை, ஆர்டர் உறுதியாகும் முன் யாருக்கும் தராதீர்கள். ஒரு கோணத்துப் படம் மட்டும், அதன் குறுக்கே அந்தந்தப் பார்ட்டியின் பெயரைப் போட்டு அனுப்புங்கள். வெளியே வந்தால் யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இளம்பிள்ளை, சேலை உற்பத்தி: டிசைனைப் பதிவு செய்துவிட்டால் போதாதா?

பதிவு செய்யுங்கள். 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பத்துக்கு முன்பே டிசைன் ஊருக்குத் தெரிந்திருந்தால் அது ‘புதியது’ ஆகாது. ஸ்டேட்டஸில் போடுவதெல்லாம் விண்ணப்பம் கொடுத்த பிறகுதான்.

அம்மாபேட்டை, கணக்கு அலுவலகம்: லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது. போதுமா சார்?

போதாது. டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஆளை அந்தப் பாஸ்வேர்டு தடுக்காது. விண்டோஸ் ப்ரோவில் டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று வரும். பிரின்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம். டேலி கணக்கு மென்பொருளில் கம்பெனிக் கணக்கைப் பூட்ட டேலிவால்ட் உண்டு. அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழியே இல்லை. ஆகவே, உங்களைத் தவிர நம்பகமான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஏற்காடு, காபித் தோட்டம்: அரசாங்கம் கேட்டால் பூட்டைத் திறந்துதான் ஆக வேண்டுமா? என்கிரிப்ஷனுக்கே, அதாவது இப்படித் தகவலைப் பூட்டுவதற்கே, கட்டுப்பாடு வரும் என்று முன்பு ஒரு பேச்சு இருந்ததே?

இருந்தது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவுக் கொள்கை, பூட்டி அனுப்பிய செய்தியின் பூட்டாத நகலை 90 நாள் வைத்திருக்கச் சொன்னது. வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு சாவியைத் திண்ணையில் வைக்கச் சொன்ன மாதிரி. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே வரைவு திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு அமலில் இருக்கிறது. முறையான உத்தரவோடு அதிகாரம் பெற்ற அமைப்பு கேட்டால் திறந்து காட்ட உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. உத்தரவோடு ஒரு வழக்குக்குக் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. எல்லாருடைய பூட்டிலும் முன்கூட்டியே ஒரு ரகசியத் துளை வைக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். துளை என்று ஒன்று இருந்தால் உங்கள் போட்டியாளருக்கு வேலை செய்கிறவனும் அதைக் கண்டுபிடிப்பான். தோட்டத்து விலைப் பேச்சைப் பூட்டி அனுப்ப இன்றைக்கு எந்தத் தடையும் இல்லை, தைரியமாகச் செய்யுங்கள்.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை: எங்கள் மேனேஜர் விலைப்பட்டியலோடு போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். சட்டம் கை கொடுக்குமா?

ஓரளவுதான். வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்படி ஒன்று வரும்வரை உங்களுக்கு முக்கியமான ஆயுதம் ஒப்பந்தம். வேறு இடத்தில் வேலைக்கே சேரக்கூடாது என்று எழுதி வாங்கினால், ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு முன் பொதுவாக நிற்காது. ரகசியத்தை வெளியிடக்கூடாது என்று எழுதி வாங்கினால் நிற்கும். கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

சாவி வைத்திருந்த ஆளை என்கிரிப்ஷன் தடுக்காது. மெயில், டேலி, டிரைவ் பாஸ்வேர்டுகளை அவர் போன அன்றே மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் மாற்றுங்கள்.

லீ பஜார், மளிகை மண்டி: ‘பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது’ என்று சப்ளையர் மெயில் வந்திருக்கிறது. அனுப்பலாமா?

வேண்டாம். மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.